எதிரொலிக் கணக்கும் ஸ்கேன் அறையும்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒலி பற்றிய பாடத்தை வகுப்பில் எப்படி நடத்தலாம் என்று பேசச் சொல்லி அரை மணி நேரம் தந்திருக்கிறார்கள். பாடம் முழுவதையும் நான் தொடப்போவதில்லை. அதில் வரும் ஒரே ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மலைக்கு முன் நின்று ஒருவர் குரல் கொடுக்கிறார். இத்தனை வினாடி கழித்து எதிரொலி கேட்கிறது. மலை எவ்வளவு தொலைவில் இருக்கிறது? ஆண்டுதோறும் நாம் கரும்பலகையில் போடும் கணக்குதான். இதே கணக்கைத்தான் நம் ஊர் ஸ்கேன் மையத்தில் இருக்கும் இயந்திரம் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த மீயொலி ஸ்கேன் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது. ஒலிப் பாடம் தொடங்கும் முன் என் வகுப்பில் “ஸ்கேன் என்றால் என்ன?” என்று கேட்பது வழக்கம். எல்லாரும் கை தூக்குவார்கள். அக்காவுக்கு எடுத்தார்கள், பாட்டிக்கு எடுத்தார்கள், வயிற்றுவலிக்கு எனக்கே எடுத்தார்கள் என்பார்கள். பதில்களைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று வகையாக இருக்கும். “வயித்துக்குள்ள போட்டோ பிடிப்பாங்க டீச்சர்” என்பது ஒன்று. “அதுல கதிர் வரும், நிறைய எடுத்தா பாப்பாவுக்கு ஆகாது” என்பது இரண்டாவது. “ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னா உடம்புல ஒண்ணும் இல்ல” என்பது மூன்றாவது. பெற்றோர் கூட்டத்தில் பெரியவர்களிடம் பேசினாலும் இதே மூன்றும்தான் வருகின்றன. மூன்றும் சரியல்ல. இவற்றைத் திருத்தத் தனிப் பாடம் தேவையில்லை, எதிரொலிக் கணக்கைக் கொஞ்சம் நீட்டி நடத்தினாலே போதும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மலைக்குப் பதிலாக உடல்

முதலில் கணக்கைப் பார்ப்போம். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. நம் உடலின் மென்திசுக்களில் அதன் வேகம் வினாடிக்குச் சராசரியாக 1540 மீட்டர். ஸ்கேன் கருவியின் முனை தோலைத் தொடுகிறது. அங்கிருந்து மிகச் சிறிய ஒலித்துடிப்பு ஒன்று உள்ளே போகிறது. 0.0002 வினாடி கழித்து, அதாவது ஒரு வினாடியை ஐயாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரத்தில், எதிரொலி திரும்பி வருகிறது. எதிரொலித்த இடம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது?

1540ஐ 0.0002ஆல் பெருக்கினால் 0.308 மீட்டர். இது ஒலி போய்வந்த மொத்தத் தொலைவு. இதில் பாதி 0.154 மீட்டர், அதாவது 15.4 செ.மீ. பிள்ளைகள் இரண்டால் வகுக்க மறப்பது நமக்குத் தெரிந்ததுதான். மலைக் கணக்கில் மறந்தால் மலை சற்றுத் தள்ளிப் போகும், அவ்வளவுதான். இங்கே மறந்தால் வயிற்றில் இருக்கும் கட்டி முதுகுக்கு வெளியே போய்விடும் என்று சொல்லிப் பாருங்கள். அதன்பிறகு யாரும் மறப்பதில்லை.

மலைக்கும் உடலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மலை ஒரே பரப்பு. உடலுக்குள் தோல், கொழுப்பு, தசை, கல்லீரல், சிறுநீரகம் என்று எத்தனையோ அடுக்குகள். ஒரு மென்திசுவும் இன்னொரு மென்திசுவும் சந்திக்கும் எல்லையில் ஒலியில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் திரும்புகிறது. மிச்சம் மேலும் உள்ளே போய் அடுத்த எல்லையில் கொஞ்சம் திரும்புகிறது. ஆகவே ஒரே துடிப்புக்குப் பல எதிரொலிகள் வரிசையாக வந்து சேர்கின்றன. அருகில் இருப்பது முதலில் வரும், ஆழத்தில் இருப்பது பின்னால் வரும். இயந்திரம் ஒரு கோட்டில் அவற்றைப் புள்ளிகளாக வைக்கிறது. வந்த நேரத்தைக் கொண்டு புள்ளியின் இடம், வந்த எதிரொலியின் வலிமையைக் கொண்டு புள்ளியின் வெளிச்சம். பிறகு அடுத்த கோடு, அதற்கடுத்த கோடு. இப்படி நூறு கோடுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஒரு படம் கிடைக்கிறது.

இங்கே இன்னொரு கணக்கும் போடலாம். 15.4 செ.மீ. ஆழம் போய்வர ஒரு துடிப்புக்கு 0.0002 வினாடி என்றால், வினாடிக்கு 5000 துடிப்பு அனுப்பலாம். ஒரு படத்துக்கு 100 கோடு என்றால் வினாடிக்கு 50 படம். அதனால்தான் குழந்தை கை அசைப்பதும் இதயத்தின் வால்வு திறந்து மூடுவதும் திரையில் அசைவாகவே தெரிகின்றன.

“போட்டோ பிடிப்பாங்க” என்ற முதல் பதிலுக்கு விடை இதுதான். ஸ்கேன் அறையில் கேமராவும் இல்லை, உள்ளே வெளிச்சமும் போவதில்லை. நேரத்தை அளந்து, ஆழமாக மாற்றி, வரைந்த வரைபடம் அது. இயந்திரத்துக்குத் தெரிந்தது நேரம் மட்டுமே. வேகம் எல்லா இடத்திலும் 1540 என்று அது வைத்துக்கொள்கிறது. கொழுப்பில் வேகம் சற்றுக் குறைவு, தசையில் சற்று அதிகம் என்பதால் படத்தில் சிறு பிசகுகள் வரலாம். படத்தை வாசிக்கப் பயிற்சி பெற்றவர் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாசிப்பதற்கு இரண்டு எளிய விதிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நீர் நிறைந்த இடத்துக்குள் எதிரொலிக்க எதுவும் இல்லாததால் அது கறுப்பாகத் தெரியும். சிறுநீர்ப்பையும் பித்தப்பையும் அப்படித்தான். கல் இருந்தால் ஒலி அங்கேயே திரும்பிவிடும். கல் பளிச்சென்று வெள்ளையாகவும், அதன் பின்னால் ஒலி போகாத பகுதி கறுப்பு நிழலாகவும் தெரியும். பித்தப்பைக் கல்லை மருத்துவர் அடையாளம் காண்பதில் இந்த நிழலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஈர்க்குச்சி ஸ்கேன்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யக்கூடிய செயல்பாடு ஒன்று இருக்கிறது. செலவு இல்லை. ஒரு காலணிப் பெட்டி எடுங்கள். உள்ளே களிமண்ணால் மேடு பள்ளம் செய்யுங்கள். மூடியில் 2 செ.மீ. இடைவெளியில் கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் துளை இடுங்கள். ஈர்க்குச்சியில் செ.மீ. குறிகள் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத குழு, ஒவ்வொரு துளையிலும் குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, கட்டத்தாளில் எண்ணாக எழுத வேண்டும். பிறகு ஆழம் குறைந்த கட்டத்துக்கு வெளிர் நிறம், கூடிய கட்டத்துக்கு அடர் நிறம் தீட்டச் சொல்லுங்கள். எண்களாக இருந்த தாளில் மெல்ல ஓர் உருவம் தெரியத் தொடங்கும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

அடுத்த சுற்றில் களிமண்ணோடு ஒரு கோலிக்குண்டையும் போடுங்கள். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் அது விழுந்துவிட்டால் குச்சி அதைத் தொடாது. குழு வரைந்த படத்தில் கோலிக்குண்டு இருக்காது. பெட்டியைத் திறந்து காட்டுங்கள். “படத்துல இல்ல, ஆனா பெட்டியில இருக்கு” என்று ஒரு பிள்ளை சொல்லும். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

துளைகளை நெருக்கமாக்கினால் கோலிக்குண்டு சிக்கும். ஸ்கேனில் நெருக்கமாக்குவது என்றால் அலைநீளத்தைக் குறைப்பது. நம் காதுக்குக் கேட்கும் மிக உயர்ந்த ஒலி 20,000 ஹெர்ட்ஸ். உடலுக்குள் அதன் அலைநீளம் 1540ஐ 20,000ஆல் வகுத்தால் 7.7 செ.மீ. இவ்வளவு நீள அலையைக் கொண்டு சில மில்லிமீட்டர் கல்லைத் தனியாகப் பிரித்துக் காண முடியாது. 35 லட்சம் ஹெர்ட்ஸ், அதாவது 3.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை எடுத்தால் அலைநீளம் 0.44 மில்லிமீட்டர். மருத்துவத்தில் காதுக்குக் கேட்காத ஒலி ஏன் என்ற கேள்விக்கு இதுதான் விடை. அப்படியானால் அதிர்வெண்ணை இன்னும் கூட்டிக்கொண்டே போகலாமே என்று பத்தாம் வகுப்பில் ஒருவராவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாம் கேட்போம். அதிர்வெண் கூடக் கூட ஒலியைத் திசு விரைவில் உறிஞ்சிவிடும், ஆழத்துக்குப் போகாது. அதனால் வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், தோலுக்கு அருகில் இருக்கும் தைராய்டு போன்றவற்றுக்கு அதைவிட உயர்ந்த அதிர்வெண் என்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

லைட்டரும் ஜெல்லும்

இவ்வளவு உயர்ந்த அதிர்வெண் ஒலியை எப்படி உண்டாக்குகிறார்கள்? சமையலறை எரிவாயு அடுப்புக்கு நாம் பயன்படுத்தும் லைட்டரை வகுப்புக்குக் கொண்டு போங்கள், காலியான வெறும் லைட்டர் போதும். அழுத்தினால் பொறி வருகிறது. உள்ளே பேட்டரி இல்லை. ஒரு வகைப் படிகத்தின்மேல் சட்டென்று அடி விழும்போது அதில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1880இல் பிரான்சில் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்த விளைவு இது. தலைகீழாகவும் நடக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் சுருங்கி விரியும், விரைந்து மாற்றி மாற்றிக் கொடுத்தால் அதிரும், ஒலி பிறக்கும். திரும்பி வரும் எதிரொலி அதே படிகத்தை அழுத்தும்போது மின்சைகை உண்டாகும். ஸ்கேன் கருவியின் முனையில் இருக்கும் படிகத்துக்கு வாயும் அதுவே, காதும் அதுவே.

வயிற்றில் தடவும் குளிர்ந்த ஜெல் எதற்கு என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வழுக்குவதற்கு என்பார்கள். அதுவும் உண்டுதான். முக்கியக் காரணம் காற்று. திசுவும் காற்றும் சந்திக்கும் எல்லையில் ஒலி 99 விழுக்காட்டுக்கும் மேல் திரும்பிவிடுகிறது. கருவிக்கும் தோலுக்கும் இடையில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தால்கூட ஒலி உடலுக்குள் நுழையாது. கிணற்றில் முங்கியிருப்பவரைக் கரையிலிருந்து கூப்பிட்டால் அவருக்குச் சரியாகக் கேட்காதது இதே காரணத்தால்தான்.

தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு வரச் சொல்வதும் அதனால்தான். நிறைந்த சிறுநீர்ப்பை, காற்று நிறைந்த குடலை ஒதுக்கிவிட்டு, ஒலி போக ஒரு சன்னல் போல இருக்கும். பித்தப்பையைப் பார்க்க வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். காரணம் தெரிந்த பிள்ளை, வீட்டில் பாட்டிக்கு அதை எடுத்துச் சொல்லும்.

தொழிற்சாலையிலிருந்து மருத்துவமனைக்கு

இந்தக் கருவி மருத்துவமனையில் பிறக்கவில்லை. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க பிரெஞ்சு அறிவியலாளர் பால் லாங்கவின் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு நீருக்கடியில் மீயொலி அனுப்பினார். நாம் பாடத்தில் சொல்லும் சோனாரின் தொடக்கம் அது. பிறகு இரும்புத் தகடுகளிலும் கொதிகலன்களிலும் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவிகள் வந்தன.

ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் சேர்ந்தார்கள். கப்பல் கட்டும் தளத்தில் இருந்த விரிசல் காணும் கருவியை முதலில் முயன்று பார்த்தார்கள். பிறகு அதே வகைக் கருவி ஒன்றை இரவல் வாங்கி, 1953 அக்டோபரில் துடிக்கும் இதயத்தின் அசைவை எதிரொலியால் பதிவு செய்தார்கள். ஹெர்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதிர்வெண்ணின் அலகுக்குப் பெயர் தந்த ஹென்ரிக் ஹெர்ட்ஸின் உடன்பிறந்தவருடைய பேரன்தான் இந்த ஹெல்முத்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் பணியாற்றியதால் ராடார் பற்றி அறிந்தவர். 1955இல் அவர் அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க மாட்டிறைச்சித் துண்டு ஒன்றும் இருந்தது. உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தபோது நீர்க்கட்டியின் எதிரொலியும் திடமான கட்டியின் எதிரொலியும் வேறு வேறாக இருப்பது தெரிந்தது. மருத்துவமனையில் அவரோடு ஜான் மெக்விகார் என்ற மருத்துவர் சேர்ந்தார். பேராசிரியர் ஒருவர் விரிசல் பார்க்கும் கருவியை மனிதர்மேல் வைத்துப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்ட டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர், தாமாகவே தொலைபேசியில் அழைத்துப் பேசிக் கூடச் சேர்ந்தார்.

அவர்களுக்குக் கேலியும் குறையாமல் கிடைத்தது. ஒரு நோயாளியால் நிலைமை மாறியது. வயிறு பெருத்திருந்த அந்தப் பெண்ணுக்கு இரைப்பையில் புற்றுநோய், அறுவை சிகிச்சையால் பயனில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். டொனால்டின் குழு கருவியை வைத்துப் பார்த்தபோது, ஒலி உள்ளே தடையின்றிப் போய் மறுபக்கச் சுவரில் எதிரொலித்தது. உள்ளே நீர். சினைப்பையில் தோன்றிய மிகப் பெரிய நீர்க்கட்டி அது. அகற்றினார்கள், அவர் பிழைத்தார். நாம் சற்று முன் சொன்ன விதிதான், நீர் இருந்தால் கறுப்பு. அந்த ஒரு விதி ஓர் உயிரைக் காப்பாற்றியது. 1958 ஜூன் 7ஆம் தேதி தி லான்செட் இதழில் மூவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். வயிற்றிலிருக்கும் கருவின் மீயொலிப் படமும் அதில் இடம்பெற்றது.

எங்கெல்லாம் பயன்படுகிறது?

கர்ப்ப காலத்தில் கருவின் வயதைக் கணிக்க, ஒன்றா இரண்டா என்று பார்க்க, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருக்கிறதா என்று அறிய, உறுப்புகளின் வளர்ச்சியைக் காண மீயொலி உதவுகிறது. 24 வாரத்துக்குள் ஒருமுறையாவது இந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை.

கர்ப்பத்துக்கு வெளியேயும் அதன் வேலை பெரிது. பித்தப்பை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, மார்பகக் கட்டி என்று பட்டியல் நீளும். பிறந்த குழந்தையின் மண்டையில் உச்சிக்குழி இன்னும் மூடாததால், அந்த இடைவெளி வழியாக மூளையைப் பார்க்கலாம். விபத்தில் அடிபட்டு வந்தவரின் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதா என்று படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் பார்க்கலாம். கட்டியிலிருந்து சதை எடுக்கும் ஊசி சரியான இடத்துக்குப் போகிறதா என்பதையும் திரையில் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள்.

இதய நோயாளிகள் வீட்டில் இருந்தால் “எக்கோ எடுக்கச் சொன்னாங்க” என்ற பேச்சு வரும். எக்கோ என்றால் எதிரொலி என்றுதான் பொருள். நம் பாடத்தலைப்பே அந்த மருந்துச் சீட்டில் இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் டாப்ளர் விளைவு நடத்துகிறோம். ரயில் விசில் எடுத்துக்காட்டோடு நிறுத்தாமல் இரத்தத்துக்கும் போகலாம். 2 மெகாஹெர்ட்ஸ் ஒலி, கருவியை நோக்கி வினாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் வரும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பினால் அதிர்வெண் ஏறத்தாழ 260 ஹெர்ட்ஸ் கூடும். இந்த வேறுபாடு நம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருப்பதால் ஒலிபெருக்கியில் கேட்கலாம். கர்ப்பிணிகள் பரிசோதனையில் கேட்கும் ‘டக் டக் டக்’ என்ற குழந்தையின் இதய ஒலி பெரும்பாலும் இப்படி வருவதுதான். கால் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே விளைவால்தான்.

கதிர் உண்டா?

இரண்டாவது கருத்துக்கு வருவோம். நம் வீடுகளில் எக்ஸ் கதிர் தவிர மற்ற எல்லாமே ஸ்கேன்தான். சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மீயொலி ஸ்கேன் மூன்றையும் ஒரே சொல்லால் சொல்வதால் அச்சமும் ஒன்றாகக் கலந்துவிட்டது. சி.டி. எக்ஸ் கதிரைப் பயன்படுத்துகிறது. எம்.ஆர்.ஐ. காந்தப் புலத்தையும் ரேடியோ அலைகளையும் பயன்படுத்துகிறது. மீயொலி ஒலியை மட்டும் பயன்படுத்துகிறது. இந்த மூன்று வரியைக் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு வாரம் அழிக்காமல் வைத்திருங்கள்.

எக்ஸ் கதிர் பற்றிய அச்சத்துக்குக் காரணம் உண்டு. கர்ப்ப காலத்தில் தாயின் வயிற்றை எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பதற்கும் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதை ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1956இல் வெளியிட்டார். கிளாஸ்கோவில் மீயொலி வளர்ந்ததும் அதே ஆண்டுகளில்தான். மீயொலியில் அத்தகைய கதிர்வீச்சு கிடையாது. ஆனால் ஒலியும் ஆற்றல்தான், திசுவைச் சிறிதளவு சூடாக்கக்கூடும். அதனால் மருத்துவத் தேவை இருக்கும்போது மட்டும், தேவையான அளவு நேரம் மட்டும் என்பதே மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் விதி. பிள்ளைகளிடமும் இந்த அளவோடு சொன்னால் போதும். பயந்துகொண்டு ஸ்கேனுக்கே போகாமல் இருப்பதும் தவறு, ஆசைக்காக அடிக்கடி எடுப்பதும் தேவையற்றது.

படத்தில் இல்லை, பெட்டியில் இருக்கிறது

மூன்றாவது கருத்துதான் மிகவும் ஆழமாக வேரூன்றியது. ஸ்கேனில் இல்லையென்றால் உடம்பில் இல்லை என்பது. ஈர்க்குச்சிப் பெட்டியில் சிக்காத கோலிக்குண்டை இங்கே நினைவுபடுத்துங்கள். எலும்புக்குப் பின்னால் இருப்பதும் காற்றுக்குப் பின்னால் இருப்பதும் மீயொலிக்கு எளிதில் தெரியாது. குடலில் வாயு நிறைந்திருந்தால் கணையம் மறைந்துவிடும். மிகச் சிறிய கல் தப்பிவிடலாம். ஸ்கேன் நார்மல் என்று எழுதியிருந்தால், இந்தக் கருவியால் இன்று பார்த்த இடத்தில் குறை தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். வலி தொடர்ந்தால் மறுபடியும் மருத்துவரிடம் போக வேண்டும்.

இது ஆசிரியர்களாகிய நமக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். நம் பள்ளிகளில் காது கேளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தாய்மார்களை உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, “ஸ்கேன் எடுத்தப்பவே பார்க்கலையா?” என்பதுதான். கேட்பவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி. கேட்கப்படும் தாய்க்கு அது குற்றச்சாட்டு. அப்படிக் கேட்கப்பட்ட தாய்மார்களோடு நான் பேசியிருக்கிறேன். எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று பல ஆண்டுகளாகத் தங்களையே நொந்துகொண்டிருக்கிறார்கள்.

மீயொலி உருவத்தைக் காட்டுகிறது. இதயத்துக்கு நான்கு அறை இருக்கிறதா, முதுகுத்தண்டு மூடியிருக்கிறதா என்று காட்டும். அதிலும் எல்லாக் குறைகளும் தெரிவதில்லை. காதின் வடிவம் தெரிந்தாலும் அந்தக் காது கேட்குமா என்று அது சொல்லாது. மூளை இருப்பது தெரியும், அந்த மூளை நாளை எப்படிப் பேசக் கற்கும் என்று தெரியாது. ஆட்டிசத்தைக் கர்ப்ப கால ஸ்கேனில் கண்டறிய முடியாது. இதை ஓர் அறிவியல் ஆசிரியர் பெற்றோர் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும், சாதாரணக் குரலில் சொன்னால் போதும். நாம் நடத்திய எதிரொலிப் பாடம் அந்தத் தாயின் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கி வைக்கும்.

சுவரில் இருக்கும் பலகை

கடைசியாக ஒன்று. எல்லா ஸ்கேன் மையத்திலும் கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது சட்டப்படி குற்றம் என்ற பலகை இருக்கும். நம் பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார்கள். ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் வீட்டில் விளக்கம் கிடைத்திருக்காது.

கணக்குப் பாடத்தோடு சேர்த்தே விளக்கலாம். இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 945, 2001இல் 927, 2011இல் 919. தமிழ்நாட்டில் இதே எண்கள் 948, 942, 943. பிள்ளைகளை வரைபடம் போடச் சொல்லுங்கள். கோடு எங்கே இறங்குகிறது, எங்கே சற்று நிற்கிறது என்று அவர்களே சொல்வார்கள். உயிரைக் காக்க வந்த எதிரொலியைப் பெண் குழந்தை வேண்டாம் என்பதற்குப் பயன்படுத்தியதும் இந்த இறக்கத்துக்கு ஒரு காரணம். அதைத் தடுக்கத்தான் 1994இல் சட்டம் இயற்றினார்கள், 2003இல் மேலும் கடுமையாக்கினார்கள். பாலினத்தைச் சொல்பவருக்கும் சொல்லச் சொல்லி நாடுபவருக்கும் சிறைத்தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தப்பட்ட கர்ப்பிணிக்கு விலக்கு உண்டு. பெண் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இதைப் பேசுவதற்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கும். அவர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி இது என்பதால் நான் விடுவதில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் அதே அளவு தெரிய வேண்டும்.

நண்பர்களே, இவ்வளவும் இரண்டு பாடவேளையில் முடியும். முதல் பாடவேளையில் கணக்கும் ஈர்க்குச்சிப் பெட்டியும். இரண்டாவதில் லைட்டர், கிளாஸ்கோ கதை, மூன்று ஸ்கேன்களின் வேறுபாடு, வரைபடம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். உயர்நிலை வகுப்புகளில் தேர்வுக்கு வரும் கணக்கும் சேர்ந்தே முடிந்துவிடுகிறது, நேரம் வீணாவதில்லை. அடுத்த முறை எதிரொலிக் கணக்கு நடத்தும்போது மலையை ஒருமுறை போட்டுவிட்டு, இரண்டாவது கணக்கில் 1540 என்ற எண்ணை எழுதிப் பாருங்கள். அது என்ன எண் என்று ஒரு பிள்ளை கேட்கும். அங்கிருந்து தொடங்கிவிடலாம்.